ஒரு நீதிபதி நியமனமும் கஸப் வரை போன பெட்டிச் சாவியும்

போன டிசம்பர் இரண்டாம் வாரம், ஷார்ஜாவிலிருந்து ஓமானின் முஸண்டம் பகுதியில் இருக்கும் கஸப் என்ற கடற்கரை ஊருக்குச் சொந்தக் காரில் போய் வந்தோம். இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிக்கும் நாலைந்து பேர், "வழி, செலவு, பார்டர் விவரம் எல்லாம் எழுதுங்க சார்" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போடவில்லை. அந்தப் பயணத்தை நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால்தான். மலையிலும் கடலிலும் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என்னிடம். வழியையும் வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். வழி மட்டும் போதும் என்பவர்கள் கிலோமீட்டர் வரும் இடங்களை மட்டும் பொறுக்கிப் படித்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாக வருபவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. கோயம்புத்தூர்க்காரன். ஷார்ஜா தொழில்பேட்டையில், கட்டடங்களுக்குக் காவல் ஆட்களும் துப்புரவு ஆட்களும் அனுப்பும் ஒரு கம்பெனியில் அட்மின் மேனேஜர். மனைவி வித்யா, பத்து வயது மகள் மித்ரா. இந்தப் பயணத்தை என் டியூட்டி காரணமாக மூன்று தடவை ரத்து செய்திருந்தோம். நாலாவது தடவை ரத்து செய்தால் வீட்டில் சோறு கிடைக்காது என்ற நிலைமை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் சாக்காகத்தான் வைத்துக்கொண்டேன்.

என் மேஜைக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்குள் எங்கள் ஆட்களின் பாஸ்போர்ட்டுகள் இருந்தன. சட்டப்படி கம்பெனி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். 'பாதுகாப்புக்காக நானே விரும்பிக் கொடுக்கிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவோம். யாருக்காவது பாஸ்போர்ட் தேவையென்றால் ஒரு படிவம். அதில் காரணம், சூப்பர்வைசர் கையெழுத்து, உடன் வேலை செய்பவர் ஒருவரின் ஜாமீன் கையெழுத்து. பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று முதலாளியிடம், அவர் அப்போது வெளிநாட்டில். மற்றொன்று என் கார் சாவி வளையத்தில்.

எங்கள் ஆபீஸ் கேட்டில் காவலுக்கு இருப்பவர் வஃபூலா. கென்யாக்காரர், வயது முப்பத்தாறு, ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கேட் ரிஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுதாமல் ஈயைக்கூட உள்ளே விடமாட்டார். தண்ணீர் பாட்டில் போட வருகிறவன் தினமும் அவரோடு சண்டை போடுவான். மேனேஜர் என்ற ஒரே தகுதியில் நான் மட்டும் கையை ஆட்டிவிட்டு எழுதாமல் போவேன். அவருக்கு அது பிடிக்காது என்று அவர் முகத்திலேயே தெரியும். நான் அவருக்கு 'ஜட்ஜ் ஐயா' என்று பெயர் வைத்திருந்தேன். ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குப் பொறுப்பாளர் செல்வராஜ் புதுக்கோட்டைக்காரர், அவரும் அதைப் பிடித்துக்கொண்டார்.

பயணத்துக்கு முந்தைய திங்கட்கிழமை வஃபூலா என் அறைக்கு வந்து பாஸ்போர்ட் கேட்டார். அவர் பேசுவது ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும். நான் இங்கே தமிழில் தருகிறேன்.

"அபுதாபியில் எங்கள் தூதரகத்துக்குப் போகணும் சார். ஒரு சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள் அது மின்னஞ்சலில் நைரோபிக்குப் போய்ச் சேரணும்."

"என்ன, சொத்து விவகாரமா?"

"இல்லை சார். ஒரு ஜட்ஜ் விவகாரம்."

அவர் சொன்னது இது. மேற்கு கென்யாவில் அவருடைய அம்மாவுக்குக் காய்கறி போடும் சிறு நிலம். பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட, அம்மா வழக்குப் போட்டார். வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் அம்மாவும் மகனும் தொண்ணூறு கிலோமீட்டர் வேனில் போய், கோர்ட் வாசலில் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்றார்கள். மாஜிஸ்ட்ரேட் பார்த்தார், தலையைக் குனிந்து எழுதினார். பிறகு நகல் வாங்கிப் பார்த்தால், 'மனுதாரர் வரவில்லை, வழக்கு தள்ளுபடி' என்று இருந்தது. அம்மா இனிமேல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அந்த மாஜிஸ்ட்ரேட் உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். விண்ணப்பித்தவர்களின் பெயர்களை வெளியிட்டு, 'இவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம்' என்று அங்குள்ள ஆணையம் அறிவித்திருக்கிறது.

"என்னிடம் கோர்ட் கேட் ரிஜிஸ்டர் பக்கத்தின் போட்டோ இருக்கு. என் பெயர், அம்மா பெயர், நேரம் 7.50. சும்மா கடிதம் எழுதினால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். சத்தியம் செய்து அனுப்பினால்தான் எடுபடும் என்று ஊரில் ஒரு வக்கீல் சொன்னார்."

நான் படிவத்தை நீட்டினேன். மறுநாளே எல்லாக் கையெழுத்தோடும் கொண்டுவந்துவிட்டார். வியாழக்கிழமை டியூட்டியை நண்பரோடு மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். "புதன் சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்றேன். அவர் கதவை மூடியதும் செல்வராஜைப் பார்த்து, "ஒரு செக்யூரிட்டி எழுதற கடுதாசிக்கு அங்க ஒருத்தரு ஜட்ஜ் ஆகறது நின்னு போயிருமாக்கும்?" என்று சிரித்தேன். செல்வராஜும் சிரித்தார். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

புதன் மாலை நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். காருக்கு ஓமானிலும் செல்லுபடியாகும் காப்பீட்டுத் தாள் வாங்க வேண்டியிருந்தது. அதை 'ஆரஞ்சு கார்ட்' என்பார்கள். சில கம்பெனிகள் இலவசமாகத் தருகின்றன, எனக்கு 105 திர்ஹம் ஆனது. பிறகு மித்ராவுக்கு மிதவை ஜாக்கெட், வழிக்குத் தண்ணீர், பிஸ்கட். வஃபூலா ஐந்தரை வரை என் அறை வாசலில் நின்றார் என்று பிறகு தெரிந்தது. சுத்தமாக மறந்துபோய்விட்டேன். மறதி மட்டும்தான் என்றால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

வியாழன் காலை ஆறே கால் மணிக்குப் புறப்பட்டோம். ஷார்ஜாவிலிருந்து ராஸ் அல் கைமா 85 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கே ஒரு மலையாளி கடையில் புட்டும் கடலையும், மூன்று பேருக்கு 31 திர்ஹம். அங்கிருந்து அல் தாரா எல்லைச் சாவடி 38 கிலோமீட்டர். எட்டே கால் மணிக்கு வரிசையில் நின்றோம், எங்களுக்கு முன்னால் நாலு கார்கள். வெளியேறும் கட்டணம் ஆளுக்கு 35 திர்ஹம். ஓமான் விசா முன்பே ஆன்லைனில் ஆளுக்கு 5 ரியால் கொடுத்து எடுத்திருந்தோம். இவையெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், போகும்முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் செல்வராஜ் அழைத்தார். கார் ஸ்பீக்கரில் வந்தது.

"சார், நம்ம ஜட்ஜ் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாரு. பாஸ்போர்ட் வாங்கிட்டு அபுதாபி பஸ் புடிக்கணுமாம். பொட்டிச் சாவி உங்கள்ட்டயா இருக்கு?"

நான் பார்த்தேன். சாவி கண்ணுக்கு எதிரிலேயே, எஞ்சின் சாவியோடு சேர்ந்து வளையத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சின்னப் பித்தளைச் சாவி.

"டிராயர்லதான் இருக்கோணும் செல்வராஜ். நல்லாப் பாருங்க."

"எந்த டிராயர் சார்?"

"மூணுலயும் பாருங்க. இங்க சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்புடறேன்." துண்டித்துவிட்டேன்.

பின்சீட்டிலிருந்து மித்ரா எட்டிப் பார்த்தாள். "அப்பா, அந்த ஆபீஸ் பாக்ஸ் கீ இதுதானே? யூ ஷோட் மீ ஒன்ஸ்."

"உக்காரு கண்ணு. சீட் பெல்ட் போடு."

 வித்யா சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த நிமிடம் எங்கள் முறை வந்தது. எங்கள் மூன்று பாஸ்போர்ட்டுகளையும் நீட்டினேன். அவை எப்போதும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும், யாரிடமும் படிவம் நிரப்பி வாங்க வேண்டியதில்லை. அதிகாரி முத்திரை குத்தி, "யல்லா" என்று கையசைத்தார். அந்த முத்திரை விழும்வரை நான் வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் ஆபீஸ் போயிருக்கலாம். வியாழக்கிழமை தூதரகம் பிற்பகல் வரை உண்டு.

எல்லையிலிருந்து கஸப் 40 கிலோமீட்டர். இந்தச் சாலையை நான் சும்மா புகழவில்லை. இடதுபக்கம் காலடியில் பச்சைக் கடல், வலதுபக்கம் செங்குத்தான மொட்டை மலை, நடுவில் வளைந்து வளைந்து நல்ல தார்ச்சாலை. வழியில் புக்கா என்ற ஊரில் கடற்கரையை ஒட்டிச் சிறு கோட்டை இருக்கிறது, பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். நாங்கள் நிற்கவில்லை. பத்து மணிக்குப் படகு.

தவ் எனப்படும் மரப்படகில் முழுநாள் பயணம், காலை பத்து முதல் மாலை நாலு வரை. பெரியவர்களுக்கு 150 திர்ஹம், குழந்தைக்குப் பாதி. திர்ஹமாகவே வாங்கிக்கொள்கிறார்கள். தரையில் கம்பளமும் திண்டும். மதியம் சோறு, பருப்பு, மீன், சாலட். சைவக்காரர்கள் பருப்புச்சோறோடு சமாளிக்கலாம், வித்யா சமாளித்தாள். மலைகளுக்கு நடுவே கடல் விரல் விரலாகப் புகுந்திருக்கிறது, தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. படகோட்டி கையைத் தட்டி விசிலடிக்க, நாலு டால்ஃபின்கள் பக்கத்திலேயே ஓடி வந்தன. மித்ரா கத்திய கத்தலில் படகு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பாக்கெட்டில் சாவி வளையம் தொடையைக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் தந்தி நிலையம் இருந்த ஒரு பாறைத் தீவில் நிறுத்தி, ஒரு மணி நேரம் நீந்த விடுகிறார்கள். தந்தித் தீவு என்றே பெயர். அங்கே என் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

நாலரை மணிக்குக் கரை ஏறியதும் போன் உயிர் பெற்றது. ஒன்பது தவறிய அழைப்புகள். வஃபூலாவின் குரல் செய்தி ஒன்று. அறைக்கு வந்ததும் கேட்டேன், வித்யாவும் கேட்டாள்.

"சார், டிராயர் மூன்றிலும் சாவி இல்லை. பாஸ்போர்ட் நகலும் எமிரேட்ஸ் ஐடியும் வைத்துக்கொண்டு அபுதாபி வந்து பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அசல் பாஸ்போர்ட் இல்லாமல் சத்தியம் வாங்க முடியாதாம். நாளை வெள்ளி, பன்னிரண்டு மணி வரைதான் இருப்பார்கள். எப்படியாவது சாவி கிடைத்தால் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் நான் வருகிறேன்."

"நீங்க போய்க் குடுத்துட்டு வந்துருங்க. நானும் பாப்பாவும் ரூம்ல இருந்துக்கறோம்" என்றாள் வித்யா.

"இருட்டப் போவுது. இந்த மலை ரோட்டுல ஓட்டச் சொல்றியா?"

"ரோட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ரோடு எனக்குப் பிரச்சினையே இல்லை. இரவோடு இரவாகச் சாவியோடு போய் நின்றால், காலையில் நான் சொன்னது பொய் என்று செல்வராஜுக்கும் வஃபூலாவுக்கும் தெரிந்துவிடும். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு ராத்திரியை வீணடித்தேன். 'காலையில் போகிறேன்' என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வஃபூலாவுக்கு, 'நாளை பத்து மணிக்கு ஆபீஸில் இருங்கள்' என்று மட்டும் செய்தி அனுப்பினேன். சாவி எங்கே இருந்தது என்று எழுதவில்லை. 'நன்றி சார், கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்' என்று உடனே பதில் வந்தது.

ஹோட்டல் ஓர் இரவுக்கு 38 ரியால், காலை உணவோடு. இரண்டு இரவுக்குக் கட்டியிருந்தோம், இரண்டாவது இரவின் பணம் திரும்பக் கிடைக்காது. வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அறையைக் காலி செய்தோம். வரவேற்பில் இருந்தவர், "காலை உணவைப் பொட்டலம் கட்டித் தருகிறோம், இருபது நிமிடம்" என்றார். கொடுத்த காசுக்குச் சாப்பாடு என்று நான் காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து மூன்று அட்டைப் பெட்டிகள் வந்தன. ஒன்றைக்கூட நாங்கள் திறக்கவில்லை. திரும்பும்போது ஓமான் பக்கச் சாவடியில் கம்ப்யூட்டர் நின்றுபோய் ஒரு மணி நேரம் போனது. வித்யாவையும் மித்ராவையும் வீட்டில் இறக்கிவிட்டு ஆபீஸ் சேரும்போது மணி பத்து.

வஃபூலா இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாக நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அச்சடித்த தாள்கள். நான் கார் சாவி வளையத்தை எடுத்து, அதிலிருந்த பித்தளைச் சாவியால் அவர் கண்முன்னே பெட்டியைத் திறந்தேன். பார்த்தார்.  "வாங்க, நானே கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து அபுதாபி நகரம் 165 கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம். வஃபூலா உறையை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய நாட்டில் நீதிபதிகளை எப்படித்தான் போடுகிறார்கள் என்று நானே கேட்டேன். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனால் அவர் ஆசிரியராயிற்றே, உற்சாகமாகிவிட்டார்.

"முன்பெல்லாம் ஒருவர் ஜட்ஜ் ஆகிவிட்டார் என்பதே மறுநாள் பேப்பரில்தான் தெரியும் சார். மேலே இருப்பவர் பார்த்துப் போடுவார். ஏன் போட்டார், யாரைக் கேட்டுப் போட்டார், ஒன்றும் தெரியாது. வழக்கில் தோற்றால், ஜட்ஜ் யாருடைய ஆள் என்றுதான் ஜனங்கள் முதலில் கேட்பார்கள். புதிய அரசியல் சாசனம் வந்த பிறகு ஆணையம் விளம்பரம் கொடுக்குது, யார் யார் விண்ணப்பித்தார்கள் என்று சொல்லுது, நேர்காணலை டிவியில் காட்டுது. பெரிய பெரிய வக்கீல்களுக்கு வியர்ப்பதை நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து பார்ப்போம்."

"அப்ப எல்லாம் சரியாயிருச்சா?"

"யார் சொன்னது? ஆணையம் பெயரைச் சிபாரிசு செய்த பிறகும் மேலே இழுத்தடிக்கிறார்கள் என்று சண்டை நடக்கும். நல்லவர் மாதிரிப் பதில் சொல்லிக் கெட்டவரும் உள்ளே வருவார். ஆனால் இப்போது என்னை மாதிரி ஆளையும் கேட்கிறார்கள் சார். கேட்கும்போது பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு டீக்கடையில் உட்கார்ந்து திட்டினால் நியாயமா?" பிறகு, "இந்தியாவில் எப்படி?" என்றார்.

"பெரிய கோர்ட்டுக்கெல்லாம் மூத்த நீதிபதிகளே கூடிப் பேசிப் பெயர் கொடுப்பாங்க. அரசாங்கம் போடும்."

"ஜனங்களைக் கேட்பார்களா?"

"இல்ல."

"டிவியில் காட்டுவார்களா?"

"இல்ல."

"நீங்கள் யாரும் கேட்கவில்லையா, ஏன் என்று?"

நாற்பத்து மூன்று வயதில், அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. 

அபுதாபிக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு லாரி விபத்தால் வண்டிகள் நின்றுவிட்டன. வஃபூலா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூதரக வாசலில் நாங்கள் இறங்கும்போது மணி பன்னிரண்டு பத்து. கேட் பூட்டியிருந்தது.

நான் ஓடிப்போய் அங்கிருந்த காவலரிடம் கெஞ்சினேன். நேபாளி மாதிரி இருந்தார். "பாய், பத்தே நிமிஷம்தான் லேட். உள்ளே யாராவது இருப்பாங்க, ஒருதரம் கேளுங்க."

"கலாஸ் சார், முடிஞ்சுது. இன்னிக்கு ஜும்மா தொழுகை. எல்லாரும் போயாச்சு. திங்கட்கிழமை வாங்க."

நான் குரலை உயர்த்தினேன். வஃபூலா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "விடுங்கள் சார். அவர் டியூட்டியில் இருக்கிறார். அவரால் திறக்க முடியாது." பிறகு அந்தக் காவலரிடம் போய், "மன்னிக்கணும் பாய்" என்றார். எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டார்.

காரில் உட்கார்ந்தே கடிதத்தைப் படமெடுத்து, கோர்ட் ரிஜிஸ்டர் பக்கத்தின் போட்டோவோடு மின்னஞ்சலில் அனுப்பினார். சத்தியம் இல்லாத வெறும் கடிதம். திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் இரண்டு கரக் டீ வாங்கினேன். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டதும் சொல்லிவிட்டேன். "வஃபூலா, சாவி டிராயர்ல இல்ல. என் கையிலதான் இருந்தது. செல்வராஜ் கூப்பிட்டப்ப அதைப் பார்த்துக்கிட்டேதான் பொய் சொன்னேன்."

அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "பெட்டியைத் திறந்தபோதே தெரிந்தது சார். நீங்கள் எங்கே இருந்தீர்கள் அப்போது?"

"அல் தாரா பார்டர்ல."

"அங்கே இருக்கிறேன், சாவி என்னிடம் இருக்கு என்று சொல்லியிருந்தால் நான் டாக்ஸி பிடித்து வந்து வாங்கியிருப்பேனே. நீங்கள் திரும்பி வந்திருக்கவே வேண்டாம். எல்லைச் சாவடி டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்கூடப் போதும்."

எனக்கு அந்த யோசனையே வரவில்லை. நான் திரும்ப வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும், இந்த இரண்டுதான் வழி என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் மீதியை அவரே பார்த்துக்கொண்டிருப்பார் என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். ஷார்ஜா வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார்.

ஜனவரியில் ஒரு மதியம் அந்த நேர்காணல் நடந்தது. வஃபூலா கேட் அறையில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். செல்வராஜும் வந்தார், அன்று அவர் ஜட்ஜ் என்று யாரையும் கூப்பிடவில்லை. திரையில் அந்த மாஜிஸ்ட்ரேட் நல்ல கோட்டில், நிதானமான குரலில் பேசினார். சட்டக் கேள்விகளுக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார். பிறகு ஆணையத்தைச் சேர்ந்த ஓர் அம்மா கண்ணாடியை இறக்கிப் படித்தார்: "பொதுமக்களிடமிருந்து உங்களைப் பற்றி ஒரு கடிதம் வந்திருக்கிறது. சத்தியப் பிரமாணம் இல்லை. எழுதியவர் யார் என்று உறுதிசெய்ய இயலவில்லை. ஆகவே நாங்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை." மாஜிஸ்ட்ரேட் லேசாகத் தலையசைத்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

"மறுபடியும் ஆப்சென்ட்" என்றார் வஃபூலா. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் தடவை அப்படி எழுதியது அந்த மாஜிஸ்ட்ரேட். இரண்டாம் தடவை எழுத வைத்தது நான். ஒரு நாடு பெரும்பாடுபட்டு முறையை மாற்றி, எங்கேயோ ஷார்ஜா கேட்டில் நிற்கும் மனிதரிடமும் ஒரு கேள்வி கேட்டது. அவர் பதிலோடு தயாராக இருந்தார். நடுவே என் சாவி இருந்தது. அந்தக் கடிதம் சத்தியத்தோடு போயிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, சிபாரிசு செய்யப்பட்டவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் வந்தது.

அன்று நேர்காணல் முடிந்து நான் வழக்கம்போல உள்ளே நடக்கப் போனேன். வஃபூலா ரிஜிஸ்டரைத் திறந்து, பேனாவை அதன் மேல் வைத்து, என் பக்கம் திருப்பினார். "எழுதிவிட்டுப் போங்கள் சார்." ஆறு வருடத்தில் முதல் தடவையாக எழுதினேன். பெயர், வந்த நேரம், கையெழுத்து. அவர் படித்துப் பார்த்து, நேரத்தில் ஐந்து நிமிடம் பிழை என்று திருத்தச் சொன்னார். திருத்தினேன். அன்றிலிருந்து தினமும் எழுதுகிறேன்.

இனிப் போகிறவர்களுக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். வெள்ளி, சனி காலைகளில் அல் தாராவில் கூட்டம் இருக்கும், ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். ஷார்ஜாவிலிருந்து கஸப் மொத்தம் 163 கிலோமீட்டர், எல்லையோடு சேர்த்து மூன்று மணி நேரம். காப்பீட்டுத் தாளை முந்தின வாரமே வாங்குங்கள். முழுநாள் படகுதான் நல்லது, அரைநாள் படகில் தந்தித் தீவில் நீந்த நேரம் போதாது. எங்கள் மூவருக்கும் ஹோட்டல், படகு, பெட்ரோல், விசா எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,500 திர்ஹம் ஆனது, தங்காத இரண்டாவது இரவையும் சேர்த்து. புக்கா கோட்டையை நாங்கள் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள்.

எங்கள் ஆபீஸ் பெட்டி இப்போது காலி. முதலாளி கத்தினார், "மாஃபி பாஸ்போர்ட், மாஃபி கன்ட்ரோல்", பாஸ்போர்ட் இல்லையென்றால் கட்டுப்பாடே இல்லை என்றார், நான் சட்டத்தைக் காட்டினேன், அடங்கிவிட்டார். எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. இந்த இரண்டு நாள் வேலையை ஆறு வருடம் ஏன் செய்யவில்லை என்று வித்யா கேட்டாள்.  இதைப் படிப்பவர்களில் என்னைப் போலப் பெட்டியும் சாவியும் வைத்திருப்பவர்கள் பலர் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். கஸப் எங்கேயும் போய்விடாது. பெட்டிக்குள் இருப்பதை அவரவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.